முத்தாயி ஏறாத வேன்

இன்சூரன்ஸ் விற்கிறவனை எதிரில் கண்டால் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுகிற ஊர் இது. இத்தனை வருஷத்தில் அது எனக்குப் பழகிவிட்டது, கோபம்கூட வருவதில்லை. தேடி வந்தவர்கள் மேல்தான் எனக்குக் கோபம் வந்திருக்கிறது. அதிலும் முத்தாயி மேல் வந்த மாதிரி வேறு யார் மேலும் வந்ததில்லை. அவளைப் பற்றி எழுதப்போகிறேன் என்று அவளிடமே சொன்னேன். "என்னத்த பாய் எழுதுவீங்க? சமைச்சேன், பஸ்ல போனேன், அவ்வளவுதான்" என்றாள். அவளுக்கு அவ்வளவுதான். அவளிடம் மாட்டிக்கொண்டு முழித்தவன் நானல்லவா.

என் பெயர் ரவூப். டன்லப் ஸ்திரீட்டில் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில், கப்பலேறி ஊருக்குப் போகிறவர்களுக்குத் தகரப் பெட்டி விற்கும் கடை ஒன்று இருந்தது. அந்தக் கடையின் முன்மூலையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு காலண்டர். அதுதான் என் ஆபீஸ். அதற்கு முன்னால் எட்டு வருஷம் வேறொரு கம்பெனியில் கவுண்டர் குமாஸ்தாவாக இருந்தேன். உள்ளே இருக்கும் வெள்ளைக்காரர் இங்கிலீஷில் சொல்வதை வெளியே நிற்கிறவர்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். பெரும்பாலும் அவர் சொன்னது ஒரே வார்த்தைதான்: இல்லை. ஐம்பத்தெட்டில் அந்த வேலையை விட்டுவிட்டு, ராபின்சன் ரோட்டில் இருந்த இன்னொரு கம்பெனிக்கு ஏஜெண்டாகிக் கமிஷனுக்காக ஓட ஆரம்பித்தேன்.

அறுபத்தொன்றாம் வருஷம், நோன்பு மாதம். நடுமதியம் தொண்டை காய்ந்துபோய் உட்கார்ந்திருந்தேன். முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வந்து மேசைக்கு முன்னால் நின்றாள். கை இரண்டிலும் முழங்கை வரைக்கும் எண்ணெய் தெறித்த தழும்பு. அவள் யார் என்று எனக்குத் தெரியும். சிராங்கூன் ரோட்டைச் சுற்றி எந்தக் கல்யாணம், காதுகுத்து என்றாலும் சமையல் முத்தாயிதான். பொம்பளை எப்படி ஐந்நூறு பேருக்குச் சமைப்பாள் என்று முதலில் வாயைக் கோணியவர்கள் எல்லாம் இரண்டாம் பந்திக்கும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

"பாய், ஒரு வேன் வாங்கியிருக்கேன். இன்சூரன்ஸ் போடணும்."

"உட்காருங்கம்மா."

உட்காரவில்லை. "அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. எதுக்கெல்லாம் நீங்க பணம் தர மாட்டீங்க?"

எதற்கெல்லாம் தருவீர்கள் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். நானும் அதற்குத்தான் வாயைத் திறந்து வைத்திருந்தேன். வயிறு காலி, வெயில் வேறு. எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. வியாபாரமே வேண்டாம் என்கிற மாதிரி அடுக்கினேன். டிரைவர் குடித்திருந்தால் கிடையாது. லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டினால் கிடையாது. வாடகைக்கு ஆள் ஏற்றினால் கிடையாது. சாமான் வண்டியில் ஓசியில் ஆள் ஏறினாலும் அந்த ஆளுக்குக் கிடையாது. பாரம் மீறினால் கிடையாது. கலவரத்தில் எரிந்தால் கிடையாது. இப்படியே சொல்லிக்கொண்டு போனேன். அவள் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினாள்.

"ஒன்பது. அவ்வளவுதானா?"

"இன்னும் இருக்கும். தாளைப் பார்க்கணும்."

"பாத்து வைங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அன்று வீட்டில் மனைவி ஆமினா பீவியிடம் சொன்னேன். "வந்த பார்ட்டியை இப்படி விரட்டினா அடுத்த பெருநாளுக்கு என்னத்த வாங்குறது?" என்று அவள் என்னைத்தான் ஏசினாள்.

மறுநாள் காலையில் கடை திறக்கும்போது முத்தாயி படிக்கட்டில் நின்றாள். இடையில் அவள் இன்னும் இரண்டு ஏஜெண்டுகளைப் பார்த்திருந்தாள். ஒருவர் மார்க்கெட் ஸ்திரீட்காரர். வழக்கமான ரேட்டைவிட இருபது வெள்ளி, அதாவது இருபது டாலர், குறைவாகச் சொன்னாராம். அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறாள். "எல்லாத்துக்கும் தருவோம்மா, கவலைய விடுங்க லா" என்றாராம். இன்னொருவர் கலர் காலண்டர் கொடுத்து, கையெழுத்தை மட்டும் போடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாராம்.

"ரெண்டு பேரும் ஒரு தடவகூட இல்லைன்னு சொல்லல. நீங்க ஒன்பது சொன்னீங்க" என்றாள். பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வேனைப் பார்க்கப் போனேன். முன்பு ஏதோ ரொட்டிக் கம்பெனியில் ஓடிய பழைய மோரிஸ். பச்சைப் பெயிண்டுக்கு அடியில் ரொட்டிப் படம் இன்னும் தெரிந்தது. பக்கத்தில் டிரைவர் கோவிந்தசாமி நின்றிருந்தார். பின்கதவைத் திறந்தால், உள்ளே அண்டாக்கள், குண்டான்கள், விறகுக் கட்டு, அரிசி மூட்டை. மூட்டைகளின் மேல் நான்கு பெண்கள். இருந்ததிலேயே பெரிய அண்டாவுக்குள் ஒரு தலை தெரிந்தது.

"யாரும்மா அது?"

"பூவம்மா. எங்க காய்வெட்டு" என்றாள் முத்தாயி. பூவம்மா அண்டாவுக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். அவள்தான் அந்தக் கூட்டத்திலேயே மூத்தவள், பருத்தவள். அண்டாவுக்குள் உட்கார்ந்தால் வண்டி ஆடினாலும் உருள மாட்டேனாம், இடுப்புக்கு இதமாக இருக்குமாம். போலீஸ்காரர் கை காட்டினால் மற்றவர்கள் மூட்டைக்குப் பின்னால் குனிந்துகொள்வார்கள். பூவம்மா தலைக்கு மேல் மூடியை இழுத்துக்கொள்வாள். வாடகை லாரியில் போன நாளிலிருந்து இப்படித்தானாம். அவர்கள் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். நானும் சிரித்தேன். முத்தாயி சிரிக்கவில்லை.

"இவங்க அஞ்சு பேரும் உங்க தாள்ல வருவாங்களா?"

"அதான் நேத்தே சொன்னேனே. இது சாமான் வண்டி. ஆளுங்க வர மாட்டாங்க."

"அப்ப வர்ற மாதிரி எழுதுங்க."

"எழுத முடியாதும்மா. பேசாம பாத்திரம், அரிசி, காய்கறின்னு எழுதிடுவோம். ஆளுங்க பேச்சையே எடுக்க வேணாம். யார் வந்து எட்டிப் பாக்கப்போறா?"

இதை நான்தான் சொன்னேன், மறைக்கவில்லை. அந்தக் காலத்தில் எல்லா ஏஜெண்டும் சொன்னதுதான். ஆனால் அவள் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு ஏன் சொன்னோம் என்றாகிவிட்டது.

அவள் புருஷன் பரமசிவமும் கல்யாணச் சமையல்காரர்தான். ஐம்பத்தாறில், செம்பவாங்கில் ஒரு கல்யாணத்தை முடித்துவிட்டு, தெரிந்தவருடைய அரிசி லாரியில் மூட்டைமேல் ஏறி உட்கார்ந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். திருப்பத்தில் லாரி கவிழ்ந்தது. லாரிக்கு இன்சூரன்ஸ் இருந்தது. ரோட்டில் நடந்து போனவர் ஒருவருக்குக் கால் போனது, அவருக்குப் பணம் வந்தது. பரமசிவத்துக்கு வரவில்லை.

"ரோட்ல போன ஆளுக்கு உண்டாம். ஓசில ஏறின ஆளுக்கு இல்லையாம். உங்க வீட்டுக்காரர் இந்தத் தாள்ல இல்லம்மான்னு கம்பெனில சொன்னாங்க" என்றாள் முத்தாயி. "என் வேன்ல ஏறுற ஆளுக்கு அப்படி யாரும் சொல்லக் கூடாது. அவங்க வீட்ல போய் நான் என்ன பதில் சொல்றது பாய்? எழுதுற தாள்ல அவங்க பேர் இருக்கணும். இல்லன்னா வேனே வேணாம்."

அந்த மாதிரிக் கதைகளை நான் கவுண்டரில் நிறையக் கேட்டவன். அப்படியா என்று மட்டும் சொன்னேன்.

ஒரு வாரம் என் உயிரை வாங்கினாள். கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன், முடியாது என்று பதில் வந்தது. அதை வாசித்துக் காட்டினேன். "யார் எழுதினா? அவர்கிட்ட என்னைக் கூட்டிட்டுப் போங்க" என்றாள். கல்யாணச் சமையல்காரியை ராபின்சன் ரோட்டு ஆபீஸுக்குக் கூட்டிக்கொண்டு போனால் என் மானம் என்ன ஆவது என்று நான் இழுத்தடித்தேன். அவள் தினமும் வந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள். தகரப் பெட்டி வாங்க வந்தவர்கள் அவளைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. கடைக்காரர் என்னைப் பார்த்து முறைக்க ஆரம்பித்தார். கடைசியில் கூட்டிக்கொண்டு போனேன். அவள் தனியாக வரவில்லை. பூவம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

அந்த வெள்ளைக்கார ஆபீசருக்குச் சின்ன வயது, வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. விஷயத்தை நான் மென்று முழுங்கிச் சொன்னேன். முத்தாயிக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் நான் முழுங்குவது தெரிந்துவிட்டது.

"அண்டாவைச் சொல்லுங்க பாய். மூடியையும் சொல்லுங்க."

"அதெல்லாம் எதுக்கும்மா?"

"இருக்கறதச் சொன்னாத்தானே அவர் இல்லைங்கறதை எங்கிட்டச் சரியாச் சொல்லுவார்."

சொன்னேன். அந்த மனிதர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு பூவம்மாவைப் பார்த்தார். அவர் நாற்காலி அவளுக்குப் பத்தவில்லை. பாத்திரத்துக்குள் உட்கார்ந்திருக்கும் ஆள் சாமானா, ஆளா என்று அவர் கேட்டார். சிரித்துக்கொண்டே கேட்டாலும் அதையெல்லாம் ஃபைலில் எழுதிக்கொண்டார். பெண்கள் சமையல் பாத்திரங்களில் உட்கார்ந்து போவது வழக்கம் என்று அவர் எழுதியதைத் தலைகீழாக நானே வாசித்தேன். வசமாக மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன்.

ஆனால் அவர் உடனே முடியாது என்று சொல்லவில்லை. மேலே போய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்தார். வேனுக்குள் மரப்பெஞ்சு போட்டு, போல்ட் அடித்து, வாகனப் பதிவு ஆபீஸில் காட்டி அனுமதி வாங்கிவந்தால், சம்பளத்துக்கு வேலை செய்யும் பெண்கள் ஐந்து பேருக்கும் டிரைவருக்கும் பாலிசியில் தனியாக ஒரு துண்டுச் சீட்டு ஒட்டித் தரலாம் என்றார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தால்தான் செல்லும். மூட்டைமேல் உட்கார்ந்தால் செல்லாது. அண்டாவுக்குள் உட்கார்ந்தால் கண்டிப்பாகச் செல்லாது.

நான் தமிழில் சொன்னதும் பூவம்மாவின் முகம் தொங்கிப்போய்விட்டது. முத்தாயி என்னிடம், "எவ்வளவுன்னு தனித்தனியாக் கேளுங்க" என்றாள்.

சட்டப்படி கட்டாயம் போட வேண்டிய தேர்டு பார்ட்டி, அதாவது ரோட்டில் போகிறவர்களுக்கு அடிபட்டால் தருவது, நூற்றுப்பத்து வெள்ளி. ஆட்களுக்கான துண்டுச் சீட்டு எழுபத்தைந்து. வேன் உடைந்தாலும் திருடு போனாலும் பணம் தருகிற ஃபுல் பாலிசி வேண்டுமென்றால் இன்னும் இருநூற்றுச் சொச்சம். அவளிடம் இருந்தது இருநூறே வெள்ளி. அதற்கு மேல் ஒரு காசு கிடையாது என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.

அங்கேதான் எங்களுக்குச் சண்டை வந்தது. ஃபுல் பாலிசி போட்டால் எனக்குக் கமிஷன் அதிகம். அதற்காக மட்டும் நான் பேசவில்லை. தாலிக்கொடியை வைத்துப் பழைய வேன் வாங்கியிருக்கிறாள், அது போய்விட்டால் அவள் பிழைப்பே போய்விடும், கொஞ்சம் பொறுத்துக் கடன் வாங்கியாவது ஃபுல்லாகப் போடட்டும் என்று நிஜமாகவே நினைத்தேன். ஆட்களுக்கான சீட்டை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

"வேன் போனா?"

"அதான் சொல்றேன், வேன் போனா என்ன பண்ணுவீங்க?"

"தாலிக்கொடி இல்லாட்டியும் கை இருக்குல்ல பாய். இன்னொண்ணு வாங்குவேன். வேனை விடுங்க. ஆளுக்குப் போடுங்க."

பிடித்த பிடியை விடவில்லை. நூற்று எண்பத்தைந்து வெள்ளியை முடிச்சவிழ்த்து வைத்தாள். பாக்கிப் பதினைந்து வெள்ளிக்குப் பெஞ்சுப் பலகை வாங்க வேண்டும் என்றாள். நான் ஃபாரத்தில் ஐந்து பெண்களின் பெயரையும் எழுதினேன். எழுதிக்கொண்டிருக்கும்போது தலையை நீட்டிப் பார்த்தாள்.

"என் பேர் எங்க?"

"மேல இருக்கே. பாலிசியே உங்க பேர்லதானே."

"அடிபட்டா எனக்கு வருமா?"

வராது என்றேன். நீங்கள் முதலாளி, உங்கள் வண்டியில் உங்களுக்கு அடிபட்டால் நீங்களே உங்களுக்கு நஷ்டஈடு கொடுக்கிற கதைதான், சீட்டு வேலைக்காரர்களுக்கு மட்டும்தான் என்று விளக்கினேன். உங்களுக்கென்று தனி விபத்துப் பாலிசி இருக்கிறது, நாற்பத்தைந்து வெள்ளி ஆகும் என்றேன். அவள் பலகைக்கென்று வைத்த பதினைந்து வெள்ளியை எடுத்து மறுபடி எண்ணினாள். அவளுக்கு எட்டு வயதில் ஒரே மகள், பெயர் செல்லக்கண்ணு. அவளைத்தான் நினைக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. பிள்ளைக்காகவாவது பலகைப் பணத்தோடு இன்னும் முப்பது புரட்டிப் போடுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அப்ப நான் பஸ்ல போய்க்கறேன்" என்றாள்.

சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அடுத்த முகூர்த்தத்திலிருந்து செய்துகாட்டினாள். பெண்கள் ஐந்து பேரும் பாத்திரங்களோடு வேனில் போவார்கள். முதலாளியம்மா அதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே புறப்பட்டு, பரமசிவத்தின் நீளக் கரண்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ்ஸில் நின்றுகொண்டு போவாள். ஜூரோங்கில் அப்போதுதான் மேட்டை வெட்டிச் சதுப்பை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அங்கே கட்டட வேலைக்காரர்களுக்குச் சோறு போடும் வேலை கிடைத்தபோது மூன்று பஸ் மாறிப் போனாள். சிராங்கூன் ரோடே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தவன்தான். "என்னம்மா, சொந்த வேன்ல இடம் இல்லையா?" என்று கண்டக்டர் கேட்பாராம். "தாள்ல இடம் இல்ல" என்பாளாம்.

பெஞ்சு வந்துவிட்டது. ஆனால் பூவம்மா பெஞ்சில் உட்காருவாளா? இரண்டு நாள் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் கோவிந்தசாமி கதவைத் திறந்தபோது அண்டாவுக்குள் இருந்தாள். முத்தாயி காதுக்கு விஷயம் போனது. அவள் சத்தம் போடவில்லை. கூட வராத ஆள் எத்தனை நாள் சத்தம் போட முடியும்? மறுநாளிலிருந்து பாத்திரம் ஏற்றுவதை மட்டும் மாற்றினாள். அண்டா, குண்டான் எதுவானாலும் வாயைக் கீழே கவிழ்த்து வைத்து, கயிறு போட்டுத் தரையோடு இறுக்கிக் கட்டச் சொன்னாள். சிறிய பாத்திரங்களைப் பெரியதற்குள் போட்டு அடுக்கினால் இடம் மிச்சமாகும், இப்படிக் கவிழ்த்தால் இரண்டு நடை போக வேண்டும், பெட்ரோல் வீண் என்று கோவிந்தசாமி என்னிடம் வந்து புலம்பினார். நானும் அவளிடம் கேட்டேன். "ரெண்டு நடை போகட்டும்" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. பைத்தியம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

அறுபத்திரண்டு டிசம்பரில் அது நடந்தது. செம்பவாங்கில் கல்யாணம். பந்தி முடிந்து மூன்று மணிக்கு வேன் புறப்பட்டது. முத்தாயி கணக்கு முடித்துவிட்டு பஸ்ஸுக்கு நின்றாள். நல்ல மழை. நீ சூன் என்ற இடத்தைத் தாண்டியதும், இடதுபக்கக் கிளை ரோட்டிலிருந்து ஒரு மண் லாரி வந்து வேனின் இடதுபக்கத்தை இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. நம்பரை யாரும் பார்க்கவில்லை. வேன் ரோட்டோரத்துக் கால்வாய்க்குள் சாய்ந்தது.

அரை மணி நேரத்தில் முத்தாயியின் பஸ் அந்த இடத்துக்கு வந்தது. கூட்டம் நின்றதால் பஸ்ஸும் நின்றது. ஜன்னல் வழியே பச்சை வேன் தெரிந்ததும் கரண்டியோடு குதித்து ஓடியிருக்கிறாள். நான்கு பேருக்குச் சிராய்ப்பு, கோவிந்தசாமிக்கு நெற்றியில் காயம். பூவம்மாவைப் புல்லில் படுக்க வைத்திருந்தார்கள். இடுப்பு நகரவில்லை. முன்சீட்டில், டிரைவருக்குப் பக்கத்தில், கதவு முழுசாக உள்ளே வந்திருந்தது. முதலாளி உட்கார வேண்டிய அந்த இடத்தில் யாரும் இல்லை.

முத்தாயி அதையெல்லாம் பார்க்கவில்லை. பூவம்மா பக்கத்தில் மண்டியிட்டு முதலில் கேட்டது ஒரே கேள்விதான். "எங்க உட்கார்ந்திருந்த? மறைக்காமச் சொல்லு."

"பெஞ்சுலதான்டி. நீதான் அண்டாவைக் கவுத்துட்டியே பாவி" என்றாள் பூவம்மா. அப்புறம்தான் இரண்டு பேரும் அழுதார்கள்.

தகவல் வந்ததும் நான் கம்பெனிக்கு ஓடினேன். பழைய ஃபைலை எடுத்தார்கள். அந்தச் சின்ன ஆபீசர் ஊருக்குப் போய்விட்டார். வந்திருந்த புது ஆள் கறார்ப் பேர்வழி. முதல் பக்கத்திலேயே அவர் கண்ணில் பட்டது அந்த வரிதான்: பெண்கள் சமையல் பாத்திரங்களில் உட்கார்ந்து போவது வழக்கம். விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அடிபட்டவர் பெஞ்சில் இருந்தாரா, பாத்திரத்தில் இருந்தாரா என்று கேட்டார். பெஞ்சில்தான் என்றேன். யார் பார்த்தது என்றார். மற்ற பெண்கள் என்றேன். அவர்கள் வேறென்ன சொல்வார்கள் என்று சிரித்தார்.

எனக்கு முத்தாயி மேல் வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த வரி ஃபைலில் ஏறியிருக்குமா? நேரே அவளிடம் போய், இருக்கறதச் சொல்லு சொல்லு என்று என்னைக் குடைந்தாயே, இப்போது அதுவே பூவம்மா தலையில் விடிந்தது பார் என்று கத்தினேன். அவள் ஈரப்புடவையோடு ஜெனரல் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். கத்தி முடிக்கும் வரைக்கும் கேட்டாள்.

"வேனை இன்னும் யாரும் தொடல பாய். கோவிந்தசாமி அங்கதான் காவல் இருக்காரு. அந்த ஆபீசரை வந்து பாக்கச் சொல்லுங்க."

மறுநாள் காலையில் அந்த ஆபீசரைக் கூட்டிக்கொண்டு நானும் போனேன். மழை விட்டிருந்தது. தலைக்கட்டோடு கோவிந்தசாமி ராத்திரி முழுக்க ரோட்டோரத்தில் உட்கார்ந்திருந்தார். ஆபீசர் பேண்ட்டை மடித்துக்கொண்டு கால்வாயில் இறங்கிப் பின்கதவைத் திறந்தார். வேன் ஒருக்களித்துக் கிடந்தது. உள்ளே அண்டாக்களும் குண்டான்களும் வாய் கவிழ்ந்தபடி, கட்டிய கட்டு அவிழாமல், தரைப் பலகையோடு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு எலிகூட அவற்றுக்குள் உட்கார்ந்திருக்க முடியாது. பெஞ்சின் ஒரு மூலை மட்டும் முறிந்திருந்தது. அவர் ஒவ்வொரு முடிச்சாக இழுத்துப் பார்த்தார். கட்டிக் கட்டி அவிழ்த்து எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய பழைய கயிறு. விபத்துக்கு அப்புறம் ஜோடித்துக் கட்டியதல்ல என்று பார்த்தாலே தெரியும். எப்போதுமே இப்படித்தான் கவிழ்த்து வைப்பார்களா என்று கேட்டார். ஒன்றரை வருஷமாக இப்படித்தான், இரண்டு நடை போகிறார்கள் என்று சொன்னேன். சொல்லும்போதுதான் அவள் எதற்காகக் கவிழ்த்தாள் என்பது என் மண்டையில் ஏறியது. வெட்கமாக இருந்தது.

மூன்று மாதத்தில் செக் வந்தது. ஆஸ்பத்திரிச் செலவு, வேலைக்குப் போகாத நாளின் சம்பளம், இடுப்புக்கென்று ஆயிரத்து எண்ணூறு வெள்ளி. பூவம்மாவால் இனிக் குனிந்து நிமிர்ந்து காய் வெட்ட முடியாது. தேக்கா மார்க்கெட்டில் உட்கார்ந்தபடியே வெற்றிலை, வாழையிலை விற்க ஒரு இடம் பிடித்துக்கொண்டாள். வேனுக்கு ஒரு காசும் வரவில்லை, பழைய இரும்புக்குத்தான் போனது. "ஃபுல்லாப் போட்டிருந்தா இப்ப புது வேன்ல போகலாமே" என்று முத்தாயியின் முகத்துக்கு நேரே சொன்னவர்கள் உண்டு. அவள் பாத்திரங்களை வாடகை லாரியில் அனுப்பிவிட்டு, நான்கு பெண்களையும் தன்னோடு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனாள். அடுத்த வேன் வாங்க அவளுக்கு மூன்று வருஷம் ஆனது.

செக் கொடுத்த அன்று பூவம்மா வீட்டிலிருந்து நானும் முத்தாயியும் சேர்ந்து நடந்து வந்தோம். அவளுக்கு சாயங்காலம் ஒரு நிச்சயதார்த்தச் சமையல் இருந்தது. கையில் துணி சுற்றிய கரண்டி. பஸ் ஸ்டாப்பில் நின்றோம். இரண்டு வருஷமாக என் வாயில் நின்ற கேள்வியை அப்போதுதான் கேட்டேன்.

"அன்னைக்கு நோன்பு வெயில்ல உங்க மேல எரிஞ்சு விழுந்தேன். மார்க்கெட் ஸ்திரீட்காரர் இருபது வெள்ளி கம்மியாச் சொன்னார். ஒன்பது தடவை இல்லைன்னு சொன்னேன்னுதான் திரும்பி வந்தீங்களா?"

"உங்களை எனக்கு முன்னாடியே தெரியும் பாய்."

"எப்படி?"

"ஐம்பத்தாறுல. அந்தக் கம்பெனி கவுண்டர்ல." அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அதுக்கு முன்னாடி மூணு மாசம் அலைஞ்சேன். லாரிக்காரரு, ஏஜெண்டு, அவங்க இவங்கன்னு எல்லாரும், வரும்மா, பணம் வந்துடும், அடுத்த வாரம் வாங்கன்னுதான் சொன்னாங்க. நானும் நம்பிட்டு வீட்ல இருந்த பாத்திரத்தை ஒவ்வொண்ணா வித்துத் தின்னுக்கிட்டிருந்தேன். இடுப்புல பிள்ளையோட அங்க வந்து நின்னேன். நீங்க ஒருத்தர்தான் இல்லைன்னு சொன்னீங்க. உங்க வீட்டுக்காரர் இந்தத் தாள்ல இல்லம்மா, இனிமே யார் சொன்னாலும் அலையாதீங்கன்னு. அன்னைக்கு வீட்டுக்குப் போய், மிச்சம் இருந்த அண்டாவை விக்காம எடுத்து வச்சேன். மறுநாளே வேலைக்கு இறங்கிட்டேன்."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதா? நன்றி என்று சொல்வதா? அதற்குள் பஸ் வந்துவிட்டது. "வரேன் பாய்" என்று கரண்டியை முன்னால் நீட்டிக்கொண்டு ஏறினாள். கண்டக்டர் சிரித்துக்கொண்டே வழிவிட்டார்.

பஸ் போன பிறகும் நான் அங்கேயே நின்றேன். அந்தக் கவுண்டரை, அதன் பித்தளைக் கம்பியை, இடுப்பில் பிள்ளையோடு வந்து நின்ற பெண்ணை, நான் அவளிடம் சொன்னதை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். எட்டு வருஷத்தில் எத்தனையோ பேர் வந்து நின்றார்கள், எத்தனையோ பேரிடம் இல்லை என்று சொன்னேன். எவ்வளவு யோசித்தும் அவள் முகம் எனக்கு வரவே இல்லை.